கணினி நின்றுபோன பின் வேர்ட் ஆவணத்தை மீட்டெடுத்தல்: எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் இடி மின்னலோடு மழை இறங்கும்போது, மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலே மேசைக் கணினி நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரையோ சங்கத்தின் கணக்கறிக்கையோ பாடசாலை மலரோ அதனோடு போய்விட்டதாகத் தோன்றும். அப்படிப் பதறி வந்தவர்கள் பலருடன் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்திருக்கிறேன். மின்தடையில் தப்பிய ஆவணம், பல வேளைகளில் அதற்கடுத்த அரை மணி நேர அவசரத்தில்தான் அழிகிறது என்பதை அப்போது கண்டேன்.

ஆகவே கீழேயுள்ள படிகள், எதையும் மாற்றாமல் பார்க்கும் வேலையில் தொடங்கி, விண்டோஸே இயங்காத கணினியிலிருந்து ஆவணத்தை எடுக்கும் வேலையில் முடிகின்றன. ஒரு படியில் ஆவணம் கிடைத்துவிட்டால், நேரே 9ஆம் பகுதிக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். இடையில் உள்ள எதையும் தாண்ட வேண்டாம். இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் கணினியில் இயங்கும் மைக்ரோசொஃப்ட் வேர்ட்டுக்கு உரியவை.

1. தொடங்குமுன் தேவையானவை

வெறுமையான பென் டிரைவ் ஒன்று, ஒரு தாள், ஒரு பேனா. மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகி வையுங்கள். மழையும் இடியும் ஓயவில்லை என்றால் மீட்பு வேலையையே தொடங்காதீர்கள். மீட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டாவது முறை மின்சாரம் போனால், முதல் முறை தப்பிய தற்காலிகக் கோப்பும் பழுதாகலாம்.

தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: ஆவணத்தின் பெயர், அது இருந்த இடம் (டெஸ்க்டொப்பா, பென் டிரைவா, மின்னஞ்சலில் வந்ததை அப்படியே திறந்ததா), கடைசியாகச் சேமித்த நேரம், உள்ளே நிச்சயமாக இருக்கும் அபூர்வமான ஒரு சொல். கடைசி இரண்டையும் பலர் அவசியமற்றவை என்று நினைக்கிறார்கள். ஆனால் ஒரே பெயரில் ஐந்து கோப்புகள் கண்முன் வரும்போது, எது உங்களுடையது என்று நேரமும் சொல்லும்தான் காட்டும்.

இதே வேளையில் ஆவணத்தின் வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். அச்சிடுவதற்காகக் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அனுப்பிய தொலைபேசியில் அந்த உரையாடலிலேயே அது இருக்கும். மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய முந்தைய வரைவு ‘சென்ட்’ பெட்டியில் இருக்கும். மூன்று நாள் பழைய பிரதி கிடைத்தாலும் இழப்பு மூன்று நாளாகக் குறைந்துவிடும். மனம் அடங்கிய பிறகு கையும் நிதானமாக வேலை செய்யும்.

2. செய்யக்கூடாத ஐந்து

கணினி மீண்டும் இயங்கியதும் அதே ஆவணத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள். நீங்கள் சேமித்து ஒழுங்காக மூடும்போது, வேர்ட் தான் ஒதுக்கி வைத்திருந்த மீட்புப் பிரதியை இனித் தேவையில்லை என்று அழித்துவிடும்.

‘டிரைவை ஃபோர்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால், ‘கான்சல்’ கொடுங்கள். பென் டிரைவைச் செருகியதும் இந்தக் கேள்வி வந்தால் பலர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். கோப்பு அட்டவணையை விண்டோஸால் வாசிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள்; உள்ளே உள்ளவை பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

வட்டைச் சரிபார்க்கும் ‘செக் டிஸ்க்’ கட்டளையை இப்போது இயக்காதீர்கள். அது வட்டின் ஒழுங்கைத்தான் சரிசெய்யும், உங்கள் ஆவணத்தைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. உரிமையாளர் தெரியாத துண்டுகளை வேறு பெயரில் தனிக் கோப்புறையில் போட்டுவிட்டுப் போய்விடும்.

மீட்பு மென்பொருளைத் தேடிப் பதிவிறக்காதீர்கள். அதற்கு உரிய இடம் 7ஆம் பகுதி. தற்காலிகக் கோப்புகளைத் துப்புரவாக்கும் மென்பொருள் எதையும் இயக்காதீர்கள். நாம் தேடப்போவது அந்தத் தற்காலிகக் கோப்புகளைத்தான்.

3. வேர்ட் தானாகக் காட்டும் பிரதி

ஆவணத்தைத் தொடாமல், வேர்ட்டை மட்டும் வெறுமையாகத் திறக்கவும். முந்தைய முறை அது இடையில் நின்றுபோயிருந்தால், இடப்பக்கத்தில் ‘டொக்கியுமென்ட் ரிக்கவரி’ என்ற பட்டி தோன்றும். அதில் ஒரே ஆவணத்தின் இரண்டு மூன்று பிரதிகள் இருக்கலாம். ‘ஒட்டோ ரிக்கவர்’ என்று குறித்தது வேர்ட் தானாக எடுத்து வைத்தது. ‘ஒரிஜினல்’ என்று குறித்தது நீங்கள் கடைசியாகச் சேமித்தது.

ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிப் பக்கத்தையும் நீங்கள் குறித்து வைத்த சொல்லையும் பாருங்கள். எது புதியது என்று தெரிந்ததும், ‘சேவ் ஆஸ்’ மூலம் புதிய பெயரில் பென் டிரைவில் சேமியுங்கள். பழைய பெயரிலேயே சேமித்தால் மூலம் போய்விடும். மீட்புப் பிரதியில் பக்கமொன்று குறைந்திருப்பதைப் பிறகு கண்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இராது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பட்டியை மூடும்போது, இந்தக் கோப்புகளைப் பிறகு பார்க்கப் போகிறீர்களா, நீக்கிவிடலாமா என்று வேர்ட் கேட்கும். வாசிக்காமல் நீக்கச் சொல்பவர்கள் அதிகம். எல்லாப் பிரதிகளையும் புதிய பெயர்களில் சேமித்து முடிக்கும்வரை, பிறகு பார்க்கிறேன் என்ற தெரிவையே கொடுங்கள்.

வேர்ட் திறந்ததுமே மறுபடியும் நின்றுபோனால், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அதன் சின்னத்தைச் சொடுக்கவும். கூடுதல் இணைப்பு மென்பொருள்களை விலக்கிப் பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள்.

4. ஒருமுறைகூடச் சேமிக்காத ஆவணம்

பெயரே வைக்காமல் இரண்டு மணி நேரம் எழுதியவர்களுக்கும் வழி உண்டு. ‘ஃபைல்’ பட்டியலில் ‘இன்ஃபோ’, அதில் ‘மனேஜ் டொக்கியுமென்ட்’, அதில் ‘ரிக்கவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்’. 2010, 2013 பதிப்புகளில் நடுவில் உள்ளது ‘மனேஜ் வேர்ஷன்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். திறக்கும் கோப்புறையில் உள்ளவற்றை நேரப்படி அடுக்கிப் பாருங்கள்.

சேமிக்காத பிரதிகள் இந்தக் கோப்புறையில் நான்கு நாட்கள் வரைதான் வைக்கப்படும். திங்கட்கிழமை தொலைந்ததை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைப்பதில்லை. அன்றைக்கே பாருங்கள்.

வேர்ட்டின் இயல்பான அமைப்பில் மீட்புப் பிரதி 10 நிமிடத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. எனவே கடைசிப் பத்து நிமிடத்தில் எழுதியது இராமல் போகலாம். அதைத் தேடி நேரத்தை வீணாக்காமல், நினைவில் இருக்கும்போதே தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

5. தற்காலிகக் கோப்புகளைக் கையால் தேடுதல்

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டியொன்று வரும். அதில் நூற்றுவீதக் குறி, ‘ஆப்டேட்டா’ என்ற சொல், மீண்டும் நூற்றுவீதக் குறி என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் (%appdata%) தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். திறக்கும் இடத்தில் ‘மைக்ரோசொஃப்ட்’, அதனுள் ‘வேர்ட்’ கோப்புறைக்குச் செல்லுங்கள். வழமையாக ஒட்டோ ரிக்கவர் கோப்புகள் இங்கேதான் இருக்கும். அவற்றின் பெயர் ‘ஏஎஸ்டி’ என்று முடியும்.

கண்டதும் முதலில் அவற்றைப் பென் டிரைவுக்குக் கொப்பி செய்யுங்கள்; வெட்டி எடுக்க வேண்டாம். இருமுறை சொடுக்கினால் இவை திறப்பதில்லை. முந்தைய பகுதியில் சொன்ன ‘ரிக்கவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்’ பெட்டியின் வழியாக இந்தக் கோப்புறைக்கு வந்து திறக்க வேண்டும்.

ஆவணம் இருந்த கோப்புறையையும் பாருங்கள். ‘வியூ’ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால், அலைக்குறியும் டொலர் குறியும் முன்னால் ஒட்டிய, உங்கள் ஆவணத்தின் பெயரை ஒத்த மங்கலான கோப்பு ஒன்று தெரியலாம். அதைக் கண்டு ஆவணம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களை நான் ஏமாற்ற வேண்டியிருந்திருக்கிறது. அது ஆவணத்தை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் சீட்டு மட்டுமே. அதன் அளவு 162 பைட் போலத்தான் இருக்கும். அளவு பல கிலோபைட் உள்ள, ‘டிஎம்பி’ அல்லது ‘டபிள்யூபிகே’ என்று முடியும் கோப்புகள்தான் நம்பிக்கைக்குரியவை. பின்னது, வேர்ட் எடுத்து வைக்கும் முந்தைய பிரதி.

6. கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை

பழுதான கோப்பைப் பென் டிரைவில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை ‘மூலம்’ என்று பெயரிட்டுத் தொடாமல் வைத்துவிடுங்கள். எல்லாச் சோதனையும் மற்றதில்தான்.

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். பூச்சியம் என்றால் அதில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அளவு சரியாக இருந்தும் திறக்காவிட்டால், நோட்பேட்டில் திறந்து பாருங்கள். இன்றைய வேர்ட் கோப்பு நலமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளாக இருக்கும். பின்னால் வருவது புரியாத குறிகள். கோப்பு முழுவதும் வெறும் இடைவெளியாகவே இருந்தால், மின்சாரம் போன கணத்தில் அதற்கு இடம் மட்டும் ஒதுக்கப்பட்டு, எழுத்து வட்டில் இறங்கவில்லை என்று பொருள். இத்தகைய கோப்பை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. 3, 4, 5ஆம் பகுதிகளுக்குத் திரும்புங்கள். இதை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொண்டால், பழுதுபார்க்கும் மென்பொருளுக்குப் பணம் கட்டி ஏமாறுவதைத் தவிர்க்கலாம்.

மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ வந்த கோப்பு என்றால், அதில் வலச்சொடுக்கி ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ பெட்டியின் அடியில் ‘அன்ப்ளொக்’ என்ற கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கையானவரிடமிருந்து வந்ததென்றால் அதைக் குறித்துவிட்டு மீண்டும் திறவுங்கள். பழுது என்று கொண்டுவரப்படும் சில கோப்புகள் இந்தத் தடையால்தான் திறக்காமல் இருக்கின்றன.

அடுத்தது ‘ஓப்பன் அன்ட் ரிப்பெயார்’. வேர்ட்டில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’, ‘ப்ரவுஸ்’ சென்று கோப்பை ஒருமுறை மட்டும் சொடுக்கித் தெரிவு செய்யுங்கள். ‘ஓப்பன்’ பொத்தானின் அருகிலுள்ள சிறிய அம்புக்குறியில் இந்தத் தெரிவு இருக்கும். கோப்பை இருமுறை சொடுக்கிவிட்டு அம்புக்குறியைக் காணவில்லை என்பவர்கள் பலர்.

ஆவணம் திறந்தும் இடைக்கிடை நின்றுபோனால், புதிய வெற்று ஆவணம் ஒன்றுக்கு உள்ளடக்கத்தை மாற்றுங்கள். கடைசிப் பந்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் தெரிவு செய்து கொப்பி செய்ய வேண்டும். ஆவணத்தின் வடிவமைப்புச் செய்திகளிற் பல அந்தக் கடைசிக் குறியோடு ஒட்டியிருப்பதால், அதையும் சேர்த்து எடுத்தால் பழுதும் கூடவே வந்துவிடும்.

இதுவும் பயன்படாவிட்டால் லிப்ரே ஒஃபிஸில் திறந்து பாருங்கள். வேர்ட் போன்ற இலவச மென்பொருள் அது; வேர்ட் மறுக்கும் சில கோப்புகளை அது திறந்துவிடும்.

இனி எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வழிகள். 2007 முதல் வந்த ‘டொக்எக்ஸ்’ கோப்பு உண்மையில் ஒரு ‘ஸிப்’ பொதி. பிரதியின் பெயர் முடிவை ‘ஸிப்’ என்று மாற்றித் திறந்தால் உள்ளே ‘வேர்ட்’ என்ற கோப்புறை இருக்கும். அதில் ‘டொக்கியுமென்ட் எக்ஸ்எம்எல்’ கோப்பில் ஆவணத்தின் முதன்மை எழுத்தும், ‘மீடியா’ கோப்புறையில் படங்களும் இருக்கும். பெயர் முடிவை மாற்றுமுன், ‘வியூ’ பட்டியலில் பெயர் முடிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் ‘ஸிப்’ என்று சேர்த்தாலும் மறைந்துள்ள பழைய முடிவு பின்னால் அப்படியே நிற்கும். பொதியே உடைந்திருந்தால், வின்ரார் மென்பொருளிலுள்ள ‘ரிப்பெயார்’ வசதியால் முதலில் அதைத் திருத்திப் பாருங்கள். பழைய ‘டொக்’ கோப்புக்கு, திறக்கும் பெட்டியிலேயே கோப்பு வகையாக ‘ரிக்கவர் டெக்ஸ்ட் ஃப்ரொம் எனி ஃபைல்’ என்பதைத் தெரிவு செய்யலாம்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். நம் பக்கத்து அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் எழுதப்பட்ட ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவில் உள்ளவை. பாமினியில் உள்ளே பதியப்படுவது ஆங்கில எழுத்தும் குறியும்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும்போது எழுத்துருச் செய்தி போய்விடுவதால், அரைப்புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த குப்பை போலத் தெரியும். அம்பாறைக் கரையோர ஊரொன்றின் பாடசாலை மலருக்கான கட்டுரைகளை, இப்படி மீட்டெடுத்த பிறகும் பழுது என்று நினைத்து அழிக்கப்போன ஓர் ஆசிரியரின் கையை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அந்தக் குப்பை முழுவதையும் தெரிவு செய்து பாமினி எழுத்துருவைக் கொடுத்ததும், திரையில் தமிழ் வந்தது.

ஆகவே மீட்பு வேலை செய்யும் கணினியில் பாமினியை முன்கூட்டியே நிறுவி வையுங்கள். ஆவணத்தில் ஆங்கிலப் பகுதிகளும் கலந்திருந்தால், அவை பாமினியில் பொருளற்ற தமிழாக மாறும். அந்த வரிகளை மட்டும் தெரிவு செய்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேட்டில் திறந்தாலே தமிழ் தமிழாகத் தெரியும். குறிகளை நீக்குவதுதான் வேலை.

7. கோப்பு அழிந்துவிட்டது அல்லது அதன்மேல் பழைய பிரதி சேமிக்கப்பட்டுவிட்டது

முதலில் ‘ரீசைக்கிள் பின்’. பென் டிரைவிலிருந்து அழித்தவை பொதுவாக அங்கே வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன் டிரைவில் இருந்த ஆவணம் என்றால், இணையத்தில் நுழைந்து அந்தக் கோப்பின் ‘வேர்ஷன் ஹிஸ்டரி’யைப் பாருங்கள், தனிப்பட்ட கணக்கில் கடைசி 25 வடிவங்கள் வரை கிடைக்கும். ஒன் டிரைவிலும் கூகுள் டிரைவிலும், தனிப்பட்ட கணக்கில் அழித்தவை 30 நாட்கள் குப்பைப் பெட்டியில் இருக்கும். கணினியிலேயே, கோப்புகளின் பிரதிகளை எடுத்து வைக்கும் ‘ஃபைல் ஹிஸ்டரி’ முன்பு இயக்கப்பட்டிருந்தால், கோப்புறையில் வலச்சொடுக்கி முந்தைய வடிவங்களைக் காணலாம். இயக்கப்படாவிட்டால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

இவை எதிலும் இல்லாதபோதுதான் மீட்பு மென்பொருள். அழிக்கப்பட்ட கோப்பின் இடம் ‘வெற்றிடம்’ என்று குறிக்கப்படுகிறது. புதிய எழுத்து அங்கே விழும்வரை பழையது அப்படியே இருக்கும். அதனால், தொலைந்த கோப்பு இருந்த வட்டில் மென்பொருளை நிறுவவும் கூடாது, மீட்ட கோப்புகளைச் சேமிக்கவும் கூடாது. வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவிலிருந்து இயக்குங்கள். புதியவர்களுக்கு ரெகுவா இலகுவானது. ஃபோட்டோ ரெக் ஆழமாகத் தேடும், ஆனால் பழைய பெயர்களைத் தராது. நூற்றுக்கணக்கான எண் பெயர்களுக்குள் உங்களுடையதைக் கண்டுபிடிக்க, தாளில் எழுதிய அந்த அபூர்வச் சொல் இப்போது உதவும்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை வட்டில் அழித்தவை திரும்பக் கிடைப்பது அரிது. வெற்றிடம் என்று குறித்த பகுதியை அந்த வட்டு தானே துடைத்துவிடும். பழைய வன்தட்டிலும் பென் டிரைவிலும் வாய்ப்பு அதிகம்.

8. விண்டோஸே ஏறவில்லை

கணினி ஏறவில்லை என்றதும் கடையில் முதலில் சொல்லப்படுவது விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்பதே. ஆவணத்தை வெளியே எடுக்குமுன் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று முறை ஏறாமல் நின்றபின் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘கொமாண்ட் ப்ரொம்ப்ட்’ என்று செல்லுங்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் கொடுத்தால் நோட்பேட் திறக்கும். அதன் ‘ஓப்பன்’ பெட்டியில் கோப்பு வகையை ‘ஓல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால், வட்டிலுள்ள அனைத்தும் தெரியும். ஆவணத்தில் வலச்சொடுக்கிக் கொப்பி செய்து, பென் டிரைவுக்குச் சென்று பேஸ்ட் செய்யுங்கள். வழமையான சி டிரைவ் இங்கே வேறு எழுத்தில் இருக்கலாம்; உள்ளே ‘யூஸர்ஸ்’ கோப்புறையைக் கொண்டு அடையாளம் காணுங்கள்.

வட்டு விண்டோஸின் பிட்லொக்கர் வசதியால் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது பூட்டப்பட்டு, இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கப்படும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலே இது இயக்கத்தில் இருக்கிறது. கணினியை முதலில் அமைத்த மைக்ரோசொஃப்ட் கணக்கில், தொலைபேசி வழியாக நுழைந்து சாவியைப் பெறலாம். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் இந்தச் சாவி தேவை.

வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி வந்தால் உடனே கணினியை நிறுத்துங்கள். உள்ளே ஊசி தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடும். அதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

9. கிடைத்த பின்

மீட்ட ஆவணத்தைப் புதிய பெயரில் சேமித்து, கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கி மீண்டும் திறந்து பாருங்கள். பக்க எண்ணிக்கை, அடிக்குறிப்புகள், அட்டவணைகள், படங்கள் என்ற வரிசையில் சரிபாருங்கள். மீட்பில் முதலில் உதிர்பவை இவைதான். கணக்கறிக்கை என்றால் கூட்டுத்தொகைகளை மூலச் சிட்டைகளோடு ஒப்பிடுங்கள்.

அதே அமர்விலேயே ‘ஃபைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘சேவ்’ சென்று, 10 நிமிடம் என்றிருப்பதை 2 ஆக்குங்கள். சேமிக்காமல் மூடினாலும் கடைசிப் பிரதியை வைத்திருக்கச் சொல்லும் கட்டத்தில் குறியிடுங்கள். ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் எப்போதும் முந்தைய பிரதியை எடுக்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு; அதையும் குறியுங்கள். திரையின் மேல் இடப்பக்கத்திலுள்ள ‘ஒட்டோ சேவ்’ பொத்தான் இதிலிருந்து வேறானது. ஒன் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வைத்த ஆவணத்திற்கு மட்டுமே அது வேலை செய்யும். டெஸ்க்டொப்பில் வைத்த கோப்புக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

பென் டிரைவிலுள்ள ஆவணத்தை அதிலேயே திறந்து எழுதும் பழக்கத்தையும் மாற்றுங்கள். கணினிக்குக் கொப்பி செய்து எழுதி, முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு, மின்சாரம் போனாலும் மின்கலத்தால் கணினியைப் பத்து நிமிடம் தாங்கும் சிறிய யூபிஎஸ் கருவி ஒன்றே போதும். மின்சாரம் போனதும் சேமித்து நிறுத்துவதற்கு அந்த நேரம் தாராளம்.